பாலக்கோட்டு மாடியிலிருந்து ஒரு கேள்வி: பிரகாசமான நட்சத்திரங்களைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிப்பது எப்படி?

கேட்டவர்: பாலக்கோடு மாடி

எனக்கு வானியல் ஒன்றும் தெரியாது, தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிற ஆள். ஏழாவது படிக்கும் பாப்பாவுக்கு இப்போது நட்சத்திரப் பைத்தியம் பிடித்திருக்கிறது, ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய் அது என்னப்பா இது என்னப்பா என்று ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் கேட்கிறாள், நான் முழிக்கிறேன். செல்போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன். போனைத் தூக்கினால் படம் ஒரு பக்கம் சுற்றுகிறது, வானம் வேறு பக்கம் நிற்கிறது, திரையில் கண்ணுக்கே தெரியாத நூறு நட்சத்திரத்தின் பெயர் வேறு.

இது 2026 பிப்ரவரி, ராத்திரி எட்டு மணி வாக்கில் எங்கள் மாடியில் தெரிவதைச் சொல்கிறேன். தலைக்கு மேலே கொஞ்சம் தெற்கு சாய்ந்து மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில். தென்கிழக்கே பளீரென்று வெள்ளையாக ஒன்று, தெற்கே தென்னை மட்டத்தில் இன்னொன்று. கிழக்கே நல்ல உயரத்தில் இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒன்று, அது மினுக்குவதே இல்லை. துருவ நட்சத்திரம்தான் வானத்திலேயே பெரிய வெளிச்சம் என்று கேள்விப்பட்டு வடக்கே தேடினால் அங்கே அப்படி எதுவும் காணோம். இவை என்னென்ன? டெலஸ்கோப் வாங்கிக் கொடு என்றும் நச்சரிக்கிறாள், ஆன்லைனில் சில ஆயிரத்துக்கே கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: ஊத்தங்கரை வாத்தியார்

தம்பி, கேள்வியிலேயே பாதி பதிலைச் சொல்லிவிட்டீர்கள். அந்த மூன்று நட்சத்திர வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மாசி மாத வானத்துக்கு அது போதும். ஓரியன் என்கிற வேட்டைக்காரனின் இடுப்புக் கச்சை அது. அதற்கு வடக்கே ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, தெற்கே நீலம் கலந்த வெள்ளையில் ஒன்று, கச்சைக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் இருக்கும். ஆரஞ்சு நிறம் பெடல்ஜியூஸ், நம் திருவாதிரை. நீல வெள்ளை ரைகல். நிறம் சட்டென்று தெரியாது, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால்தான் பிடிபடும், பாப்பாவிடம் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள். திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பம் ஏறக்குறைய 3,500 கெல்வின், ரைகல் 12,000 பக்கம், அதனால்தான் அந்த நிற வித்தியாசம். 2019 கடைசியில் இந்தத் திருவாதிரை திடீரென்று மங்கிப்போய், வெடிக்கப் போகிறதோ என்று உலகமே பேசிக்கொண்டிருந்தது. அது கக்கிய தூசியே அதை மறைத்தது என்று பிறகு தெரிந்தது, சில மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

இப்போது கச்சையின் மூன்று நட்சத்திரத்தையும் ஒரு கோடாக நினைத்து அந்தக் கோட்டைத் தென்கிழக்கே நீட்டுங்கள். அது போய்ச் சேருகிற இடத்தில் இருப்பதுதான் நீங்கள் பார்த்த பளீர் வெள்ளை, சிரியஸ். இரவு வானத்தின் நட்சத்திரங்களில் மிகப் பிரகாசமானது அதுதான், துருவ நட்சத்திரம் அல்ல. அதே கோட்டை எதிர்ப்பக்கம், வடமேற்கே நீட்டினால் லேசான சிவப்பில் ரோகிணி, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் கைப்பிடி ராகியை விசிறிவிட்ட மாதிரி சின்னதாக ஒரு கூட்டம், அது கார்த்திகை, நம் பெரியவர்கள் ஆறாமீன் என்பார்கள். ஆறு எண்ண முடிகிறதா என்று பாப்பாவைக் கேளுங்கள்.

தெற்கே தென்னை மட்டத்தில் இருப்பது கனோபஸ், அதாவது அகத்தியர் நட்சத்திரம். வானத்தின் இரண்டாவது பிரகாசம். கையை முழுக்க நீட்டி விரலை அகட்டி ஒரு சாண் பிடித்தால் வானத்தில் சுமார் 20 டிகிரி, மூடிய கை 10 டிகிரி. சிரியஸிலிருந்து தெற்கே இரண்டு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கினால் அகத்தியர். ஒன்பது மணிக்கு மேல் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக நிற்கும்.

அகத்தியரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் 12 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அதனால் அகத்தியர் நமக்கு 25 டிகிரி உயரம் வரை ஏறுவார். டெல்லிக்காரருக்கு 9 டிகிரிகூட வராது, புகையிலேயே காணாமல் போகும். லண்டனில் உதிப்பதே இல்லை. அங்கே உட்கார்ந்து எழுதிய புத்தகத்தையும் படத்தையும் வைத்துக்கொண்டு நாம் தேடுவதால்தான் பாதிக் குழப்பம்: அந்தப் படத்தில் வேட்டைக்காரன் தெற்கே நிமிர்ந்து நிற்பான், நமக்கோ உச்சந்தலையில் படுத்திருக்கிறான். துருவ நட்சத்திரம் அவர்களுக்குப் பாதி வானத்துக்கு மேல், நமக்கு வடக்கே 12 டிகிரி, மூடிய கைக்குச் சற்று மேலே. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போதும் அதை மறைக்க. பிரகாச வரிசையிலும் அது 40-க்கு அப்பால் எங்கோ இருக்கிறது, திசை மாறாமல் நிற்பதால் கிடைத்த பெயர்தான் பெரிய பெயர். இப்போது எட்டு மணிக்கு வடக்கே திரும்பினால் பாதி உயரத்துக்கு மேலே மஞ்சள் சாயலில் ஒன்று கண்ணைப் பறிக்கும், அதைத் துருவம் என்று பாப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், அது கபெல்லா.

கிழக்கே மினுக்காமல் இருப்பது நட்சத்திரமே அல்ல, வியாழன். நட்சத்திரம் எவ்வளவு பெரியதானாலும் தூரத்தினால் வெறும் புள்ளி, அதன் ஒளியைக் காற்று அலைக்கழிக்கும், மினுக்கும். கோள் பக்கத்தில் இருப்பதால் மிகச் சிறிய வட்டம், அதன் ஒளி அவ்வளவாக ஆடாது. குரு இப்போது மிதுனத்தில் என்று ஜோசியக்காரர் சொல்வது இதைத்தான். வியாழனுக்குக் கிழக்கே, கொஞ்சம் கீழே, ஜோடியாக இரண்டு நட்சத்திரம் தெரிகிறதா, அது மிதுனத்தின் காஸ்டர், பொலக்ஸ், நம் புனர்பூசம்.

பாப்பா ஏழாவது என்றால் பன்னிரண்டு வயது இருக்கும். திருவாதிரை, சிரியஸ் இரண்டோடும் கிழக்கே ஒரு பெரிய முக்கோணம் போட்டால் மூன்றாவது முனையில் புரோசியான் என்று ஒன்று வரும். பதினொன்றரை ஒளியாண்டு தூரம். இன்று அவள் கண்ணில் படும் ஒளி அவள் கைக்குழந்தையாக இருக்கும்போது அங்கிருந்து கிளம்பியது. சிரியஸ் எட்டரை ஆண்டு, அகத்தியர் 300 ஆண்டுக்கு மேல். என் வகுப்பில் இதைச் சொன்னால்தான் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காரும்.

பதில்: ஓசூர் நைட் ஷிஃப்ட்

வாத்தியார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், நான் ஆப் விஷயம் மட்டும் சொல்கிறேன். போனில் திசைகாட்டி இரும்புப் பக்கத்தில் தடுமாறும் அண்ணா, மாடியில் அடுத்த தளத்துக்கு விட்டு வைத்த கம்பி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, தகரக் கூரை இதன் பக்கத்தில் நின்றால் வடக்கு மேற்காகிவிடும். தள்ளி நின்று போனை எட்டு போடுவது போல் காற்றில் நாலு சுற்று சுற்றினால் சரியாகும். ஸ்டெல்லேரியம் போன்ற ஆப்பில் எவ்வளவு மங்கலான நட்சத்திரம் வரை காட்ட வேண்டும் என்று குறைக்க வழி இருக்கிறது, அதைக் குறைத்தால் திரையிலும் வானத்திலும் ஒரே எண்ணிக்கை வரும். திரையைச் சிவப்பாக மாற்றும் ராத்திரி வசதியும் இருக்கும், அதைக் கட்டாயம் போடுங்கள். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், நடுவில் ஒரு வாட்ஸ்அப் வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து.

எங்கள் ஓசூரில் கம்பெனி விளக்கும் பெங்களூர் வெளிச்சமும் சேர்ந்து வானம் சாம்பல் நிறம்தான், ஆறாமீன் எல்லாம் கண்ணைச் சுருக்கித் தேட வேண்டும். ஆனால் ஆரம்பத்தில் படிக்க இது ஒருவிதத்தில் நல்லது என்பேன். மங்கலானவை எல்லாம் அழிந்துபோய் பெரிய புள்ளிகள் மட்டும் மிச்சம் இருக்கும், குழப்பம் இல்லை. பாலக்கோடு நடுத்தரம், அதுவே போதும்.

இன்னொன்று. சிரியஸ் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது பச்சை, சிவப்பு, நீலம் என்று மாறி மாறி வெட்டும். ஷிஃப்டில் ஒருவர் அதை வீடியோ எடுத்து ட்ரோன் ட்ரோன் என்று குரூப்பில் போட்டுவிட்டார், ஊரே கலங்கியது. காற்றின் வேலைதான், தாழ்வாக இருக்கும்போது ஒளி அதிகக் காற்றைக் கடந்து வரவேண்டியிருக்கிறது.

பதில்: அரூர் அக்கா

ஆப் எதற்கு தம்பி, வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர் இருக்கிறதே. அன்றைக்கு என்ன நட்சத்திரம் என்று போட்டிருப்பது வேறொன்றுமில்லை, நிலா அன்று வானத்தில் எந்த நட்சத்திரத்தின் பகுதியில் இருக்கிறது என்பதுதான். அவ்வளவு பெரிய விளக்கையே அடையாளமாக வைத்துக்கொண்டு பக்கத்தில் தேடினால் பெயர் கிடைத்துவிடும். எங்கள் வீட்டில் மாமியாருக்கு விரதம் பார்க்க, எனக்கு வானம் பார்க்க, ஒரே தாள்.

ஆனால் எல்லா நட்சத்திரத்துக்கும் இது ஒத்துவராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை இந்த ஐந்தும் நிலா போகும் பாதையை ஒட்டி இருப்பவை, அந்த நாளில் அல்லது முன்பின் ஒரு நாளில் நிலாவுக்கு அருகில் பார்த்துவிடலாம். திருவாதிரை, சுவாதி, திருவோணம் பிரகாசமானவைதான், ஆனால் பாதையை விட்டு வெகு தூரம் தள்ளி இருக்கின்றன. காலண்டரில் சுவாதி என்று போட்ட அன்று நிலா பக்கத்தில் தேடிப் பயனில்லை, வடக்கே ஒன்றரை சாண் போக வேண்டும்.

அமாவாசை முடிந்து ஒரு வாரத்தில், நிலா பாதியாக இருக்கும்போது ரோகிணி வரும், சாயங்காலம் தலைக்கு மேலேயே இருக்கும், அதில் ஆரம்பியுங்கள். அப்புறம் மாசி மகம். மார்ச் 2 ராத்திரி நிலாவை ஒட்டியே மகம் நட்சத்திரம் இருக்கும், நிலா வெளிச்சத்தில் கூசும், கட்டைவிரலால் நிலாவை மறைத்துக்கொண்டு பாருங்கள். திருவிழாக் கணக்கே இதுதானே, கார்த்திகை தீபத்துக்கு முழுநிலா ஆறாமீன் பக்கம், சித்திரா பௌர்ணமிக்குச் சித்திரை நட்சத்திரம் பக்கம். அந்தச் சித்திரையைத்தான் இங்கிலீஷ் புத்தகத்தில் ஸ்பைகா என்றும் மகத்தை ரெகுலஸ் என்றும் கேட்டையை அன்டாரஸ் என்றும் போட்டிருப்பார்கள்.

ஜாதகத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டு யாரும் சண்டைக்கு வராதீர்கள், நான் வானத்தில் இருக்கும் நட்சத்திரத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

பாலக்கோடு மாடி:

எல்லோருக்கும் நன்றி. நேற்றே கச்சையைப் பிடித்து சிரியஸ், ரோகிணி, அகத்தியர் மூன்றையும் பார்த்துவிட்டோம். ஆறாமீனில் எனக்கு ஐந்துதான் தெரிகிறது, பாப்பா ஏழு என்கிறாள், சண்டை நடக்கிறது. திருவாதிரையின் ஆரஞ்சு நிறம் எனக்கு உடனே தெரிந்தது, அவளுக்குக் கொஞ்சம் நேரமானது.

இப்போது அவளுடைய அடுத்த கேள்வி, சூரியனுக்குப் பக்கத்து நட்சத்திரம் எது, அதை இங்கிருந்து பார்க்க முடியுமா, தெற்குச் சிலுவை என்று ஒன்று ஆஸ்திரேலியா கொடியில் இருக்கிறதாமே அது தெரியுமா என்று. இருட்டான இடம் வேண்டும் என்று அஞ்செட்டிப் பக்கம் போகலாமா என யோசிக்கிறேன், மச்சானுடைய பைக் இருக்கிறது.

பதில்: தேன்கனிக்கோட்டைக்காரன்

அண்ணா, ராத்திரி பைக்கில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அஞ்செட்டி ரோட்டுக்கு வரவே வராதீர்கள். வானம் அற்புதமாக இருக்கும், மறுக்கவில்லை, பால்வீதி அப்படியே தெரியும். ஆனால் இது யானை நடக்கிற காடு. ராகி அறுப்புக் காலத்தில் கூட்டம் கூட்டமாக வந்தவற்றில் சில இன்னும் திரும்பாமல் தோட்டத்து ஓரத்தில்தான் நிற்கின்றன, எங்கள் ஊரில் ஏழு மணிக்கு மேல் வெளியே போவதற்கே யோசிப்போம். விளக்கை அணைத்துவிட்டு நட்சத்திரம் பார்க்க ரோட்டோரம் நிற்பது என்பது யானைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். இருட்டு வேண்டுமென்றால் பென்னாகரம் பக்கம் சொந்தக்காரர் வீடு ஏதாவது இருந்தால் அந்த வீட்டு மாடி, இல்லை வத்தல்மலை மேலே தெரிந்தவர் வீட்டு வாசல், அதுவும் பகலிலேயே போய்ச் சேர்ந்து தங்கிவிட வேண்டும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள், மாடி என்றாலும் தரை பார்த்துக் கால் வையுங்கள், மாசி மாதம் தேளும் வெளியே வர ஆரம்பிக்கும்.

பெரிய நட்சத்திரங்களுக்கு இவ்வளவு இருட்டே தேவையில்லை என்பதுதான் என் கருத்து. தெற்கே மறைப்பு இல்லாத மாடி இருந்தால் போதும்.

பதில்: ஊத்தங்கரை வாத்தியார்

தேன்கனிக்கோட்டைத் தம்பி சொன்னதைக் கேளுங்கள், மாடியே போதும்.

கண்ணுக்குத் தெரிகிறவற்றில் சூரியனுக்குப் பக்கத்து நட்சத்திரம் ஆல்பா சென்டாரி, 4.3 ஒளியாண்டு. தெற்குச் சிலுவையும் அதுவும் நமக்கு நன்றாகவே தெரியும், 17, 18 டிகிரி உயரம் வரை வரும், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் கீழே. வானத்தின் மிகப் பிரகாசமான இருபது நட்சத்திரங்களில் ஒன்றுகூட விடாமல் பார்க்க முடிகிற ஊர் நம்முடையது, ஐரோப்பாக்காரர் கப்பல் ஏறினால்தான் இந்த வசதி. எங்கள் ஊருக்கு வடகிழக்கே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை அமைத்ததற்கும் இந்த அட்சரேகை ஒரு முக்கியக் காரணம், வடக்கு வானமும் கிடைக்கும், தெற்கு வானமும் பெரும்பகுதி கிடைக்கும். 1986-இல் அங்கே நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி வானியலாளர் வைணு பாப்பு பெயரில் இன்றும் இருக்கிறது.

சிலுவை எப்போது என்றால், மே நடுவில் இரவு ஒன்பது மணிக்கு நேர் தெற்கே நிமிர்ந்து நிற்கும், ஆனால் அப்போது கோடை மழை மேகம் நம்மை ஏய்க்கும். அதற்கு முன்னாலேயே ஒரு நல்ல ராத்திரி இருக்கிறது, பிப்ரவரி 15, சிவராத்திரி. அமாவாசைக்கு முந்தைய இரவுகளில்தான் சிவராத்திரி வரும் என்பதால் விடியும் வரை நிலாத் தொல்லை கிடையாது, எப்படியும் ஊரே விழித்திருக்கும், பிள்ளையைத் தூங்கச் சொல்லி யாரும் விரட்டவும் மாட்டார்கள். அன்றைக்கு எட்டரை மணிக்குத் திருவாதிரை, சிவனுடைய நட்சத்திரம் என்று சொல்கிறோமே அதுவே, உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். பதினொன்றரைக்குக் கிழக்கே இரண்டு புது ஆட்கள், வடக்கே தள்ளி ஆரஞ்சு நிறத்தில் சுவாதி, தெற்கே தள்ளி வெள்ளையாகச் சித்திரை. நள்ளிரவு தாண்டி பன்னிரண்டே முக்கால், ஒரு மணிக்கு மகம் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும், நேர் மேலே என்றால் சும்மா சொல்லவில்லை, நம் அட்சரேகையும் அதனுடைய இருப்பும் ஏறக்குறைய ஒரே 12 டிகிரி. மூன்று மணிக்குத் தெற்கே சிலுவை, அதற்கு இடப்பக்கம் கொஞ்சம் தாழ்வாக இரண்டு பிரகாசமான நட்சத்திரம், இடது ஓரத்தில் இருப்பது ஆல்பா சென்டாரி. அந்த இரண்டையும் இணைத்த கோடு சிலுவையைக் காட்டும், வேறு போலிச் சிலுவை ஒன்றும் அந்தப் பக்கம் இருப்பதால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். அதே நேரம் தென்கிழக்கே சிவப்பாகக் கேட்டை. நாலு மணிக்கு மேல் வடகிழக்கே வேகா. முழு ராத்திரியும் உட்கார்ந்தால் இருபதில் ஃபோமல்ஹாட் ஒன்றைத் தவிர மிச்சம் எல்லாம் வந்துபோகும், அது சூரியனோடு சேர்ந்தே இறங்கிவிடுகிறது, ஐப்பசி கார்த்திகையில்தான் வசதி.

பாப்பாவுக்கு ஏழு தெரிகிறது என்றால் நம்புங்கள், நல்ல கண்ணுக்கு ஏழும் தெரியும்.

டெலஸ்கோப் இப்போது வேண்டாம். நட்சத்திரம் எந்த டெலஸ்கோப்பிலும் புள்ளிதான், அந்த விலையில் வருவதன் ஸ்டாண்டு தொட்டாலே ஆடும், ஒரு வாரத்தில் பரணுக்குப் போகும். அதே பணத்தில் 7x50 அல்லது 10x50 (7 அல்லது 10 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ.) பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆறாமீனையும், கச்சைக்குத் தெற்கே தொங்கும் புகை போன்ற ஓரியன் நெபுலாவையும் காட்டுங்கள், வியாழன் பக்கம் திருப்பினால் அதன் நிலாக்கள் சின்னப் புள்ளிகளாக வரிசையில் நிற்கும். பகலில் சூரியன் பக்கம் மட்டும் அதைத் திருப்பவே கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பதில்: அரூர் அக்கா

பைனாகுலர் வந்ததும் சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடு நட்சத்திரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், வசிஷ்டர் பக்கத்தில் ஒட்டினாற்போல அருந்ததி. கல்யாணத்தில் பகலில் காட்டுவார்களே அதுதான், ராத்திரியில் கண்ணுக்கே தெரியும், பைனாகுலரில் இன்னும் தெளிவு. இப்போது வடகிழக்கே முழுசாக ஏற பதினொரு மணி ஆகிறது, பங்குனி கடைசிக்கு எட்டு மணிக்கே நல்ல உயரத்தில் வந்துவிடும். அந்த வாலின் வளைவை அப்படியே நீட்டினால் சுவாதி, இன்னும் நீட்டினால் சித்திரை.